அளக்காத குவியல்

"அப்பா, வெட்டிப் போட்ட கல்லு யாருக்குச் சொந்தம்? வெட்டினவங்களுக்கா, மலைக்கா?" என்று எட்டு வயதான என் மகள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "அது தெரியாமத்தானே மூணு வருஷமா வக்கீலுங்க வீட்டுல அடுப்பு எரியுது." இருவரும் சிரித்தார்கள். நான் கை கழுவ எழுந்தேன்.

நான் கனிமத் துறையில் அளவையாளன். சுண்ணாம்புக்கல் வெட்டிய ஒரு கம்பெனியின் குத்தகை முடிந்தபோது, அது அரசு நிலத்தில் குவித்து வைத்திருந்த கல் அப்படியே கிடந்தது. வெட்டியது நாங்கள், கல்லும் எங்களுக்கே என்றது கம்பெனி. குத்தகை முடிந்தபின் நிலத்தில் கிடப்பதெல்லாம் அரசுக்கு என்றது துறை. தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. குத்தகையின் கடைசி நாளிலேயே எங்கள் துறை அங்கே ஒரு காவலாளியை வைத்திருந்தது. அன்று எவ்வளவு கல் இருந்தது என்பதற்கு என் அறிக்கைதான் ஆதாரம்: எட்டாயிரத்து நானூறு டன். நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் பிறகு அளந்தபோது ஆறாயிரத்துச் சொச்சம்தான் தேறியது.

மீதிக் கல்லைக் காவலாளி லாரி லாரியாக விற்றுவிட்டார் என்று பேச்சு. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

கல் எங்கும் போகவில்லை. இருந்ததே அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்தக் கடைசி நாளில் கொட்டும் மழை. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். காவலாளியின் தகரக் கொட்டகையில் ஒதுங்கினேன். அவர் தன் துண்டை நீட்டி, "தலையைத் துவட்டுங்க சார். நீங்களும் படுத்துட்டா பாப்பாவை யாரு பாக்குறது?" என்றார். நான் அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கம்பெனியின் இருப்புப் பதிவேட்டில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். அது வங்கிக் கடனுக்காகக் கம்பெனி ஊதிப் பெருக்கிய எண் என்பது பின்னால்தான் தெரிந்தது; அன்று யோசிக்கவும் இல்லை.

நீதிமன்ற விசாரணையில் வக்கீல் காவலாளியைக் கேட்டார்: "அதிகாரி அன்னிக்கு அளந்தாரா?"

அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். "அளந்தாருங்க."

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பிடித்தேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"சொல்லணும்னு நெனைக்கல சார். உங்க மூஞ்சியைப் பாத்தேன், வாயில வந்துருச்சு." செருப்பு வாரைச் சரிசெய்தபடி சிரித்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸு. உங்களுக்கு எவ்வளவோ இருக்கு."

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"மருமகன் வர்றதை நிறுத்திட்டாரு. திருட்டு வீட்டுல கை நனைக்க மாட்டாராம். பேரனையும் அனுப்புறதில்ல."

பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, என் அளவுப் புத்தகத்தை நீதிமன்றத்துக்கு அனுப்ப உத்தரவு வந்தது. மேலதிகாரி அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தேதிக்கான பக்கம் வெறுமையாக இருந்தது.

"மழையில எழுத விட்டுப்போயிருக்கும். காலிப் பக்கமா போகக் கூடாது" என்றார் அவர். "நான் சாப்பிட்டு வர்றேன். அதுக்குள்ள எழுதி முடிச்சு, உறையில போட்டு ஒட்டி வெச்சிருங்க."

அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எட்டாயிரத்து நானூறு வரும்படி நீளம், அகலம், உயரம் போடுவது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆண்டவனிடம் வழி கேட்கவும் வெட்கமாக இருந்தது. வழி தெரியாமலா உட்கார்ந்திருந்தேன்?

'நீளம்' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்: "அன்று நான் குவியலை அளக்கவில்லை. கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். குறைந்ததாகச் சொல்லப்படும் கல் அங்கே இருந்ததே இல்லை. காவலாளி குற்றமற்றவர்."

இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். புத்தகத்தை உறையிலிட்டு, அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். நீதிமன்றத்துக்குப் போகும் தபால் பெட்டியில், மற்ற உறைகளுக்கு அடியில் அதைச் செருகிவிட்டு என் இருக்கைக்குத் திரும்பினேன். சாப்பிடப் போனவர்கள் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை.