அந்த நபர் நான் அல்ல

நல்லகாமன் அண்ணனின் பெயரைச் சட்டமன்றத்தில் சொன்னார்கள். நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். அன்றைக்கு அவர் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் இருந்திருந்தால் இம்புட்டு வம்பு வந்திருக்காது.

நான் அழகுராஜா. நாகமலை புதுக்கோட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஜெராக்ஸும் உண்டு. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த வட்டாரத்தில் யார் முகம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நான்தான். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெயர் மேல் எவ்வளவு ஆசை என்பது என்னைவிட வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. செத்தவர் படத்தைவிட அஞ்சலி செலுத்துகிறவர் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு.

நல்லகாமன் அண்ணன் அப்படி இல்லை. அவர் ஒன்பது வருடமாக என் கடைக்கு வந்தது மனுவை ஜெராக்ஸ் எடுக்கத்தான். ஊர் ஒத்தப்பனைப்பட்டி, இங்கிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டர். அந்த ஊர்க் கண்மாய்க்கு இரண்டு மடை. மேல மடை நன்றாக இருக்கிறது. அதில் பாயும் வயல்கள் பெரும்பாலும் அவருடைய மச்சான் தங்கப்பாண்டிக்கும் பங்காளிகளுக்கும் உள்ளவை. கீழ மடையின் இரும்பு ஷட்டர் துருப்பிடித்து அரையடி திறந்தபடி நின்றுவிட்டது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. பெய்கிற மழையெல்லாம் தேவையில்லாத நேரத்தில் ஒழுகிப் போய்விடும். கதிர் பிடிக்கும் நேரத்தில் கண்மாயில் சேறுதான் கிடக்கும். கீழ மடையை நம்பி அண்ணனையும் சேர்த்து முப்பது குடும்பம் இருந்தது.

திங்கள்கிழமை தவறாமல் அண்ணன் கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பார். மனு வாங்கும் பெண் அவரிடம் பெயர் கேட்பதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது, அவளாகவே எழுதிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது ஒரு கல்யாணத்தில் எங்கள் எம்.எல்.ஏ. அவரைப் பிடித்துக்கொண்டார். நீர்வளத்துறை மானியக் கோரிக்கையில் பேசப் போவதாகவும், சும்மா விவசாயி என்று சொல்லாமல் பெயரைச் சொல்லியே பேசப் போவதாகவும் சொல்லி, பார்வையாளர் மாடத்துக்கு இரண்டு பாஸும் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டார். போட்டோ எடுக்க ஆள் வேண்டுமாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்து கோட்டை வாசல் வரை வேட்டி கசங்கக் கூடாது என்று மனுசன் சாய்ந்து உட்காரவே இல்லை.

வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போட்டோக்காரனின் கதை அதோடு முடிந்தது.

சட்டமன்றம் என்றால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்று நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. இருநூற்று முப்பத்து நாலு பேருக்கும் இடம் குறித்திருக்கிறது. உயரத்தில் பேரவைத் தலைவர். அவருக்கு வலது கைப்பக்கம் முன்வரிசையில் அமைச்சர்கள், எதிரே எதிர்க்கட்சி. நடுவில் கிடக்கும் மேசையில் சுருக்கெழுத்துக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறார்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். கட்சியில் எத்தனை பேரோ அதற்குத் தக்க நேரம். எங்கள் எம்.எல்.ஏ. கடைசி வரிசையில் ஒரு தூண் ஓரமாக இருந்தார். ஊருக்குள் வந்தால் ஏழு கார் முன்னும் பின்னும் போகும். அங்கே அவர் தலையைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

மாடத்துக் காவலர் எங்களுக்குச் சட்டம் சொன்னார். கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. அவையைப் பொறுத்தவரை மாடத்தில் இருக்கும் நாம் இருந்தும் இல்லாதவர்கள். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எங்கள் ஆளுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். தலைவருக்கு நன்றி, மேடையேற்றியவர்களுக்கு நன்றி, துறைக்கு நன்றி, தொகுதியில் இருக்கும் சாமிகளுக்கு நன்றி என்று ஏழு நிமிடத்தைத் தின்றுவிட்டார். எட்டாவது நிமிடத்தில் மணி அடித்தது. பதறிப்போய், ஒத்தப்பனைப்பட்டியில் நல்லகாமன் என்கிற விவசாயி ஒன்பது வருடமாக மனுக் கொடுக்கிறார், அந்த நல்லகாமனின் மடையைச் சரிசெய்து தர வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார். மேலா கீழா என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது. அமைச்சர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். உடனே எழுந்து, நல்லகாமன் அவர்களின் மடை வருகிற மழைக்குள் சரிசெய்யப்படும் என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் மைக்கில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்திருப்பது வழக்கம். கோயிலில் துண்டு போட, மஞ்சுவிரட்டில் மாட்டுக்காரரை அறிவிக்க, மொய் வாசிக்க எல்லாமே மைக்தான். பெயர் காதில் விழுந்தால் உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். அண்ணன் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி வலது பக்கம் ஒரு கும்பிடு, இடது பக்கம் ஒரு கும்பிடு, நடுவில் ஒன்று.

காவலர் ஓடி வந்து தோளை அமுக்கினார். கீழே சிரிப்பு. பேரவைத் தலைவர் மாடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவையில் இல்லாத, இங்கே எழுந்து பதில் சொல்ல முடியாத ஒருவரின் பெயரைச் சொல்வது மரபல்ல என்றும், அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றும் சொன்னார்.

“நான் இங்கனதானய்யா இருக்கேன்” என்றார் அண்ணன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் வாழ்க்கையில் முதல்முறையாக ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னார். நீக்கினால் என்ன, சொன்னது சொன்னதுதானே என்பது அவர் கட்சி. ‘சட்டமன்றத்தில் ஒலித்த பெயர்’ என்று போட்டு, பின்னால் கோட்டையை வைத்து, முன்னால் கும்பிடு போட்டபடி அவரை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தங்கப்பாண்டி வந்தார். தங்கை புருசனின் முகம் பஸ் ஸ்டாப்பில் அவ்வளவு பெரிதாக நிற்பது அவருக்குச் சோறு இறங்க விடவில்லை. அவரும் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தார்: ‘ஒலித்த பெயர் யாருடையது? காலம் பதில் சொல்லும்.’ இரண்டையும் அடித்தவன் நான்தான், தொழில் தொழில்.

ஆவணியில் நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் பவதாரிணி கண்மாய்க் கரைக்கு வந்தார். சின்ன வயதுப் பெண், ஆனால் கோப்புகளைக் கரைத்துக் குடித்தவர். அவர் கையில் அவைக்குறிப்பின் நகல் இருந்தது. எம்.எல்.ஏ. பேசியது அச்சாகியிருந்தது, பெயர் வருகிற இடத்தில் மட்டும் வரிசையாக மூன்று பெருக்கல் குறி. ‘× × × என்கிற விவசாயி.’ அமைச்சரின் பதிலும் அப்படியே: ‘× × × அவர்களின் மடை வருகிற மழைக்குள் சரிசெய்யப்படும்.’

ஒரு மடைக்குத்தான் அனுமதி வந்திருக்கிறது, அது யார் மடை என்று பவதாரிணி கேட்டார். அண்ணன் முன்னால் வந்து தன் மடை என்றார். தங்கப்பாண்டியும் முன்னால் வந்தார். ஒருகாலத்தில் மேல மடைக்கு வெள்ளையடிக்கக் கேட்டு அவரும் ஒரு மனுக் கொடுத்திருந்தார், அதை எடுத்து நீட்டினார். “எம் பேருக்கும் மூணு பெருக்கல்தான் மேடம் போடுவாக” என்றார்.

இதைத் தீர்க்க எம்.எல்.ஏ. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எம்.எல்.ஏ. கதவைச் சாத்திவிட்டு, அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய பெயரைத் தான் வெளியில் சொன்னால் உரிமை மீறல் ஆகிவிடும் என்று ரொம்ப வருத்தமாகச் சொன்னார். தங்கப்பாண்டி வகையறாவில் நூறு ஓட்டு இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை. அந்த ஃப்ளெக்ஸையும் கழற்றிவிடச் சொன்னார், அதுவும் உரிமை மீறல்தானாம். இவரால் ஒரு பெயர்கூட மிஞ்சவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் பவதாரிணி மறுபடி வந்தார். இரண்டு பேர் உரிமை கோருவதால் கோப்பு விசாரணைக்குப் போகும், போனால் இந்த மழைக்கு வேலை நடக்காது, அனுமதியும் காலாவதியாகும் என்றார். அவருக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருந்தது. யாருடைய மடை என்ற கேள்வியே எழக் கூடாது. இருவரும் விலகிக்கொண்டால், பழுதான மடை எதுவோ அது என்று எழுதி வேலையைத் தொடங்கிவிடலாம்.

தங்கப்பாண்டி யோசிக்கவே இல்லை. தன் மனுவை வாபஸ் வாங்கத் தயார், ஆனால் மாப்பிள்ளை முதலில் அந்த ஆள் தான் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அவருக்கு மடை வேண்டாம், இந்தக் காகிதம்தான் வேண்டும்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். முப்பது பேர் கரையில் நிற்கிறார்கள். ஒன்பது வருடத்தில் மனுசனுக்குக் கிடைத்தது அந்த ஒரு கும்பிடு. அதையும் தன் கையாலேயே அழிக்கச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்.

கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் வீரணன் பின்னாலிருந்து வந்தார். பத்து வருடம் முன்புவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர், நிலம் வாங்கியதிலிருந்து ஒரு முழு விளைச்சலைப் பார்த்ததில்லை. அவர் யாருக்கும் ஆதரவாகப் பேசவில்லை.

“நாத்துப் பாவவா வேணாமாண்ணே, அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

அண்ணன் பவதாரிணியிடம் பேப்பர் கேட்டார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதினார்: ‘ஒத்தப்பனைப்பட்டி, கருத்தமாயன் மகன் நல்லகாமன் ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. பேரவையில் குறிப்பிடப்பட்ட அந்த நபர் நான் அல்ல.’ அந்த ஆள் இல்லை என்று சொல்வதற்கு அப்பன் பெயர், கதவு எண், ஆதார் நகல் எல்லாம் வேண்டியிருந்தது. கடைசியில் கையெழுத்தையும் போட்டார். மனுசன் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

ஒன்பது வருடமும் புருசனின் மனுப் பைத்தியத்தைத் திட்டித் தீர்த்த சீனியம்மாள் அக்கா அன்றைக்கு அவரை ஒன்றும் சொல்லவில்லை. தன் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டது.

“இப்ப ஒனக்கு வயிறு நெறஞ்சிருச்சாண்ணே?”

தங்கப்பாண்டி கண்மாயைப் பார்த்துக்கொண்டு தன் மனுவைத் திரும்ப வாங்கிப் பைக்குள் மடித்து வைத்தார். காகிதம் வாபஸ் ஆனதால் கோப்பில் அவர் பெயர் இல்லாமல் போனது. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

புரட்டாசியில் புது ஷட்டர் வந்தது. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. தையில் வீரணன் முக்கால் ஏக்கரில் முதல்முறையாக முழுசாக அறுத்தார். அண்ணன் வயலும் விளைந்தது. ஆனால் ஆள் கடைப்பக்கம் வருவதில்லை. மனு எழுத வேறு குறையும் இல்லை, யாராவது சட்டமன்றம் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பங்குனியில் ஒருநாள் பவதாரிணி என் கடைக்கு வந்து, அவரை உடனே வரச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் சேற்றுக் காலோடு வந்தார், சீனியம்மாள் அக்காவும் கூடவே. சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் அதில் உண்டு. அமைச்சர்கள் அவையில் செய்வதாகச் சொன்னதைச் செய்தார்களா என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு வேலை. ஒத்தப்பனைப்பட்டி மடை முடிந்துவிட்டது என்று துறை அனுப்பிய அறிக்கையை, இணைப்புகளோடு அப்படியே அச்சடித்து, அந்த வாரம் பேரவையில் வைத்துவிட்டார்கள். பவதாரிணி ஒரு பக்கத்தைப் பிரித்து மேசை மேல் வைத்தார்.

அண்ணன் கண்ணாடி கொண்டு வரவில்லை. நான்தான் வாசித்தேன். ‘ஒத்தப்பனைப்பட்டி, கருத்தமாயன் மகன் திரு. நல்லகாமன் என்பார், பேரவையில் குறிப்பிடப்பட்ட அந்த நபர் தான் அல்ல என எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துள்ளார்.’

மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்பன் பெயரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

“இத யாரும் நீக்க முடியுமா மேடம்?”

“அவையில வச்சாச்சுய்யா. இனி பேரவைத் தலைவரே நெனச்சாலும் எடுக்க முடியாது.”

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சந்தோசத்தில் மனுசனுக்குக் கண் கலங்கி, அதை மறைக்கத் துண்டால் முகத்தை முழுக்கத் துடைத்துக்கொண்டார். ஃப்ளெக்ஸ் அடிக்கவா என்று கேட்டேன். வேண்டாம், நாலு ஜெராக்ஸ் மட்டும் போடு என்றார்.

அதில் ஒன்று எப்படியோ தங்கப்பாண்டி கைக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். பவதாரிணியின் அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தார். என்ன விசயம் என்று கேட்டேன். பத்திரம் எழுதும் பச்சைத்தாளில் எழுதி, ஆதார் நகலும் இணைத்து வைத்திருந்தார்.

“ஒண்ணுமில்ல தம்பி, அந்த ஆளு நானும் இல்லைன்னு எழுதிக் குடுக்கணும்.”