ராக்கப்பன் வந்தாச்சு

ராக்கப்பனுக்குப் பதினாறாம் நாள் கும்பிட்டு முடித்த மறு வாரம் அது. காலையில் பரிபூரணம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டீயை வாய்க்குக் கொண்டு போகும்போது, திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

ராக்கப்பன் வந்தாச்சு.

டீ மடியில் கொட்டியது. சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அவள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்த்தாள். அதே முதலாளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு மில் இருந்தது. அங்கே கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் ராக்கப்பன். இரண்டு மில்லையும் டெலிபோன் ஆபீசில் எழுதிப் போட்டு வாங்கிய தனி லைன் ஒன்று இணைத்தது. ஸ்டாக் கணக்கு அதில் போய்வரும். வேறு பேச்சுக்குப் போன்தான். அது எப்போதும் மேனேஜர் கையில் இருக்கும்.

தொண்ணூற்றெட்டில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சிடி ஒன்று வந்தது. இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் எழுதிப் பேசிக்கொள்கிற புரோகிராம் அதில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எடுத்தவுடன் ஓடாது. வெறும் சோர்ஸ் கோடாக, எழுதி வைத்த கட்டளை வரிகளாகத்தான் கிடந்தது. அவரவர் மெஷினில் போட்டு, கம்பைல் செய்து, மெஷினுக்குப் புரிகிற மாதிரி தாமாகவே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேரும் மேனேஜர் சாப்பிடப் போகிற நேரமெல்லாம் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினார்கள்.

"இப்ப எர்ரர் வருதா அண்ணாச்சி?"

"வருது தாயி. மழை விட்ட கம்மாயில தவள கத்துத மாதிரி நிக்காம வருது."

ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று இல்லை என்று நிற்கும். அதைத் தேடிப் போட்டால் மூன்றாவது ஒன்றைக் கேட்கும். ஒரு மாதம் போல இழுத்தடித்துவிட்டு ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் ஓடிவிட்டது. இடது பக்கம் பேச்சு. வலது பக்கம் குறுகலாக ஒரு கட்டம். லைனில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் பெயர்கள் நிற்கும்.

பிறகு அதில் விளையாட ஆரம்பித்தார்கள். ஒருவர் உள்ளே வந்ததை இங்கிலீஷில் அறிவிக்கும் வரியை, சோர்ஸுக்குள் போய் 'வந்தாச்சு' என்று மாற்றினாள் பரிபூரணம். எழுத்து இங்கிலீஷ்தான், வார்த்தை நம் வார்த்தை. போனால் 'போயாச்சு'. தினமும் பெயரைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று ராக்கப்பன் அலுத்துக்கொண்டதால், அவர் பெயரைச் சோர்ஸிலேயே எழுதி வைத்துக் கம்பைல் செய்யச் சொன்னாள். சுவிட்சைப் போட்டால் போதும். மெஷின் எழுந்து, தானே புரோகிராமைத் திறந்து, அவர் பெயரை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிடும்.

மறு வருஷம் ஐப்பசியில் ராக்கப்பனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி என்று அலைந்து, மதுரைக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே முடிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது அந்தப் பெயர் கட்டத்துக்குள் நின்றது. பரிபூரணம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இடது பக்கம் எழுத்துகள் வந்தன. வார்த்தையாக இல்லை. ஒரே எழுத்து, வரிசையாக, திக்கித் திக்கிப் பேசுகிறவர் வாயில் அடைத்துக்கொண்ட மாதிரி. பிறகு அதுவும் நின்றது. பெயர் மட்டும் செத்த நேரம் அசையாமல் இருந்துவிட்டு, 'போயாச்சு' என்று மறைந்தது.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கேட்டுக்குப் போன் போட்டாள். வாட்ச்மேன் பேச்சிமுத்து எடுத்தார்.

"கம்ப்யூட்டர் ரூமா? அது பூட்டித்தானம்மா கெடக்கு. சாவி ஒங்க மேனேஜர் கொத்துல இருக்கு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். எட்டு மணி சங்கு ஊதி, ஷிப்டு மாறி, ரூமில் அவள் தனியாக இருக்கிற நேரம் பார்த்து வரும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லாவிட்டால் நம்பிவிடுவார்கள். இரண்டுமே அவளுக்குப் பயமாக இருந்தது. மானிட்டர் மேல் துணி உறையைப் போட்டு மூடிப் பார்த்தாள். உறைக்கு அடியில் என்ன வந்திருக்கும் என்ற நினைப்பு அதைவிடக் கொடுமையாக இருந்தது. எடுத்துவிட்டாள். ஜெபம் சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஒருநாள் வரவில்லை. அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

ஒரு காலையில் ஏதோ கேட்க உள்ளே வந்த மேனேஜர் காசிராஜன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது ராக்கப்பன் பேர்தான?"

"ஆமா சார்."

"செத்த மனுசன் பேர வச்சு எவன் வெளையாடுதான்? திங்கக்கெழமை முத்துவீரன்னு ஒரு பையன் அங்க சேருதான். நாளைக்கே போயி, பேர மாத்திட்டு வந்துரு."

அந்தப் பெயர் சோர்ஸுக்குள் இருந்தது. மாற்ற வேண்டுமானால் அந்த மெஷினில் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மேனேஜரிடம் சாவியை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினாள். 

ரூம் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள். தரை கழுவி ஈரமாக இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே ஒரு பெண் ஒற்றை விரலால் ஒரு எழுத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் விளக்குமாறு.

பரிபூரணத்துக்கு உயிர் போய் வந்தது. அந்தப் பெண்ணும் பதறித் திரும்பினாள். பதினாறு கும்பிட்ட அன்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த முகம். ராக்கப்பனின் மனைவி சீனியம்மாள்.

"நீங்கதான பரிபூரணம்?" என்றாள். "எனக்கு இங்க பெருக்குத வேல குடுத்திருக்காக. பெருக்குத ரூமுக்கெல்லாம் தனிச் சாவி எங்கிட்ட இருக்கு. நான் எதையும் கெடுக்கலம்மா."

"நீங்களாக்கா தெனமும்..."

"ஆயுத பூசைக்கு அவிய என்னய மில்லப் பாக்கக் கூட்டியாந்தாக. இந்தச் சுவிட்சப் போட்டா எம்பேரு ராஜபாளையத்துக்குப் போயிரும், அங்க ஒரு பிள்ள பாத்துக்கிட்டு இருக்கும்னாக. அதான் போட்டேன். எழுத்து எனக்குத் தெரியாது. எதயாவது அமுக்குனாப் பேச வருமோன்னு அமுக்குனேன்." விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள். "அங்க தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"அப்ப ஏன் ஒரு பதிலும் வரல?"

பயந்துவிட்டேன் என்று பரிபூரணம் எப்படிச் சொல்வாள்? அந்த மனுஷனோடு ஒரு வருஷம் பேசிச் சிரித்திருக்கிறாள். அவர்தான் வந்துவிட்டாரோ என்று நினைத்த நாட்களில்கூட ஒரு வார்த்தை தட்டிப் பார்க்கவில்லை.

மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். பரிபூரணம் உட்கார்ந்து சோர்ஸைத் திறந்து, அந்த வரிக்குப் போனாள்.

"இதுல அவிய பேரு எங்க இருக்கு?"

பரிபூரணம் காட்டினாள். சீனியம்மாள் முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, திரைக் கண்ணாடிக்கு மேலே அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அழிச்சிரு தாயி. நான் வெளிய போன பொறவு அழி."

வராந்தாவில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. பரிபூரணம் பெயரை எழுத்தெழுத்தாகப் பின்னுக்கு அழித்தாள். முதல் எழுத்து மிச்சமிருந்தபோது வெளியே சத்தம் நின்றது. அவளும் நின்றாள். மறுபடி பெருக்கும் சத்தம் வந்த பிறகே அதையும் எடுத்துவிட்டு, முத்துவீரன் என்று எழுதிக் கம்பைல் போட்டாள். வரிகள் மளமளவென்று மேலே ஓடின. ஒரு எர்ரர்கூட இல்லை. அன்றைக்காவது ஒன்று தடுத்து நிறுத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

முத்துவீரன் நல்ல பையன். காலையில் வந்ததும் வணக்கம் போடுவான். பரிபூரணம் உடனே பதில் போட்டுவிடுவாள், கையில் என்ன வேலை இருந்தாலும். ஆனால் 'வந்தாச்சு' என்று வரி விழும்போது, பெயரைப் படிக்கும் வரைக்கும் நெஞ்சு நின்றுதான் ஓடும்.

தை பிறந்த பிறகு சீனியம்மாள் புருஷனின் பி.எஃப். பணத்துக்கு மெயின் ஆபீசில் கைநாட்டு வைக்க ராஜபாளையம் வந்தாள். போகும் முன் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"அவிய பேரு வந்து நின்ன எடத்த ஒருக்காப் பாக்கலாமா?"

பரிபூரணம் நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்காரச் சொன்னாள். இந்தத் தடவை சீனியம்மாள் உட்கார்ந்தாள். வலது பக்கத்துக் கட்டத்தைக் காட்டியதும் குனிந்து பார்த்தாள். அதில் முத்துவீரன் பெயர் இருந்தது.

"இம்புட்டுத்தானா எடம்?" என்றாள்.

"ஆமாக்கா. இம்புட்டுத்தான்."

மத்தியான பஸ் போய்விடும் என்று யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். சீனியம்மாள் எழுந்திருக்கவில்லை. பரிபூரணம் கதவைச் சாத்திவிட்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.