பதினேழு நிமிடக் கம்ப்யூட்டர்

கண்ணாடி முதலாளி போனில் நலம் விசாரிப்பதில்லை. எடுத்ததும் விஷயம்தான்.

"தம்பி, என் கம்ப்யூட்டர் எழுந்திருக்கப் பதினேழு நிமிஷம் ஆகுது. நானே அஞ்சு நிமிஷத்துல எழுந்து குளிச்சுட்டு வந்துடுறேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை கூப்பிட்ட வாடிக்கையாளர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் பிரிண்டருக்கு வந்தார்கள். இவர் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்தார். அன்று மாலையே போனேன்.

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துத் தரும் பட்டறை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஆர்டர் எடுக்கும் அக்கா. கடைகள் அனுப்பும் அளவுகளை அவர் ஏற்றினால் சீட்டு அச்சாகும். பின்னறையில் லென்ஸ் அண்ணன் அந்தச் சீட்டைப் பார்த்துத் தேய்ப்பார். மேசை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. காலையில் கம்ப்யூட்டர் திரை தயாரானதும் எல்லாருடைய போனும் அந்தத் தட்டுக்குப் போய்விட வேண்டும். முதலாளி போட்ட சட்டம்.

"உனக்கு முன்னாடி மூணு பேர் பாத்தாச்சு," என்றார். "மூணு பேரும் சரி பண்ணிட்டோம்னு மார் தட்டிட்டுப் போனாங்க. பத்தே நாள், திரும்பவும் ஆமை. இதுல ஏதோ பேய் இருக்கு."

"பேய் குடியிருக்க இதுல மெமரி பத்தாது சார்."

பின்னறையிலிருந்து லென்ஸ் அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டதும் யாரும் கூப்பிடாமலே சில ப்ரோக்ராம்கள் தாமாக எழுந்து ஓடும். அவற்றின் பெயர்கள் ஸ்டார்ட்டப் பட்டியலில் இருக்கும். சாதாரணமாக ஆறோ ஏழோ. இங்கே முப்பத்து நான்கு. சதுரங்கம். நட்சத்திர வரைபடம். கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது. மூன்று நாள்காட்டிகள். அந்த அறையிலேயே இல்லாத நான்கு பிரிண்டர்களுக்கு ஆளுக்கு ஒன்று. நாய்க்குச் சாப்பாடு வைக்கும் நேரத்தை நினைவூட்டுவது. இத்தனையும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் நெரிசல் ஆகாமல் என்ன ஆகும்.

"அக்கா, கிட்டார் வாசிப்பீங்களா?"

"யாரு, நானா? அதெல்லாம் தானா வந்திருக்கும் தம்பி."

அவசியமான நான்கை விட்டுவிட்டு மீதி முப்பதையும் அணைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதலாளி கண்ணெதிரே ஓட்டிக் காட்டினேன். நாற்பத்தெட்டு வினாடி. முதலாளி கைதட்டினார். அக்கா அப்போதுதான் போனைக் காதில் வைத்திருந்தார். "ஹலோ" என்ற ஒரே சொல்தான் அவருக்குக் கிடைத்தது.

"திரை வந்தாச்சும்மா. போன் தட்டுக்கு."

வைத்தார். வாயருகில் கொண்டுபோன கவளத்தைப் பிடுங்கியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். எனக்குக் காரணம் புரியவில்லை. யோசிக்கவும் இல்லை. அந்த நாட்களில் நான் எதையும் அதிகம் யோசிப்பதில்லை.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"தம்பி, பதினாறு." வைத்துவிட்டார்.

மறுநாள் சீக்கிரமே போனேன். லென்ஸ் அண்ணன் எனக்காக எட்டரைக்கே வந்து கதவைத் திறந்துவிட்டார். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பட்டியலில் மறுபடி முப்பத்திரண்டு. கிட்டார் திரும்பி வந்திருந்தது. இந்த முறை ஒவ்வொன்றும் ஏற்றப்பட்ட தேதியையும் நேரத்தையும் பார்த்தேன். எல்லாம் வேலைநாட்கள். எல்லாம் மாலை ஆறு பத்து, ஆறு பன்னிரண்டு. வைரஸ் ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. ஞாயிறு விடுமுறையும் எடுப்பதில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வயர்களைச் சரிபார்க்க மேசைக்கு அடியில் போனேன். அப்போது கதவு திறந்தது. அக்காவின் செருப்பு வந்து நின்றது. கம்ப்யூட்டர் பொத்தான் அழுந்தும் சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அவர் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"ப்ளாஸ்க் மூடி எங்க?" என்றது ஓர் ஆண்குரல்.

"ப்ளாஸ்க் மேல."

"இருந்தா கேப்பேனா?"

"நேத்து டூட்டிக்குக் கொண்டு போனது யாரு?"

"மூடியோடதான் போனேன்."

"போனீங்க. மூடியோட வந்தீங்களா?"

"சரி, அதை விடு. இன்னைக்குச் சாப்பாட்டுல உப்பே இல்ல."

"நேத்து அதிகம்னீங்க."

"ரெண்டு நாளையும் கலந்து சாப்பிட்டா சரியா இருந்திருக்கும்."

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இதற்கு மேல் அடியில் இருப்பது மரியாதை இல்லை என்று எழுந்தேன். தலை மேசையில் இடித்தது.

"அய்யோ!"

"என்னாச்சு?" என்றது போன்.

"ஒண்ணுமில்லீங்க. மேசைக்கு அடியில கம்ப்யூட்டர் தம்பி."

"அங்க ஏன் இருக்காரு?"

"கேட்டுச் சொல்றேன், லைன்லயே இருங்க." ஸ்பீக்கரை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரமா இருக்கீங்க?"

"மூடில இருந்து."

தலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன். "தினம் ஆறு பத்துக்கு ஏத்துறது நீங்கதானே?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவருக்குக் குளிர்பதனக் கிடங்குல ராத்திரி டூட்டி. உள்ள போன் கூடாது. ஒன்பதுக்கு வீட்டுக்கு வருவார். ஒன்பதரைக்குள்ள அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவார். நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கிளம்பிடுவார். லீவும் ஒத்து வராது. ரெண்டு வருஷமா நாங்க குடித்தனம் பண்றதே இந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிற நேரத்துலதான்."

"பட்டியல் விஷயம் எப்படித் தெரியும்?"

"முதல்ல வந்த ஆள் வேகம் பண்ணிட்டுப் போனதும் பேச்சே நின்னு போச்சு. ஆனா தங்கமானவர். போறதுக்கு முன்னாடி 'இதுல எதையும் சேத்துடாதீங்கம்மா, சேத்தா மந்தமாயிடும்'னு உட்கார வச்சு விளக்கமா சொல்லிக் குடுத்தார்."

"நீங்களும் கவனமா கேட்டுக்கிட்டீங்க."

"கிட்டார் நல்லா இழுக்கும் தம்பி. அது ஒண்ணே ஒன்றரை நிமிஷம்." பிறகு குரல் இறங்கியது. "உங்க வீட்டுல இருந்து கூப்பிட்டா வேலை நடுவுல எடுப்பீங்கள்ல?"

"எடுத்ததில்ல."

"கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவிச்சுக்கிட்டுதான் இருந்தா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

முதலாளி உள்ளே வந்தார். கையில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் விளம்பரத் தாள்.

"சரியாயிடுச்சா? ஆகலேன்னா சொல்லிடு. புதுசு வாங்கிடறேன். யாரும் எதையும் ஏத்த முடியாதபடி பூட்டுப் போட்டே தருவாங்களாம்."

இதுதான் காரணம் என்று சொன்னால் அக்காவின் வேலை போகலாம். காரணம் தெரியவில்லை என்றால் பூட்டுப் போட்ட கம்ப்யூட்டர் வரும். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பதினாறு நிமிடம் போனதுதான். நான் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உன்னையும் சேத்து நாலு பேர்," என்றார் முதலாளி. "நாலு பேருக்கும் வேலை தெரியல."

"அவருக்கு வேலை தெரியும் சார்," என்றார் அக்கா. "நான்தான் ஏத்துறேன்."

"எதை?"

"கிட்டாரை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி நின்றபடியே கேட்டார். நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"பேய்னு என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லிட்டேனேம்மா! வாயைத் திறந்து என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன் சார், போன வருஷம். ஒன்பதேகால் வரைக்கும் போன் வச்சுக்கட்டுமான்னு. அந்த நேரத்துல எத்தனை லென்ஸ் தேய்க்கலாம் தெரியுமான்னு திருப்பிக் கேட்டீங்க."

லென்ஸ் அண்ணன் துணியில் கையைத் துடைத்தபடி பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"எத்தனை முதலாளி?"

"என்னது எத்தனை?"

"ஒன்பதுல இருந்து ஒன்பதேகாலுக்குள்ள எத்தனை லென்ஸ்னு கேட்டீங்களே. தேய்க்கிறவன் நான், நானே சொல்றேன். பூஜ்யம்."

லென்ஸை மெஷினில் பிடித்து நிறுத்த ஓர் உலோகத்தை உருக்கி அதன் முதுகில் ஒட்டவேண்டும். பானையில் அது உருகக் கால் மணி நேரம். யாரும் இல்லாத பட்டறையில் சூடு இருக்கக்கூடாது என்பதால் ஒன்பதுக்கு முன் அந்தப் பானையைப் போடக்கூடாது. அதுவும் முதலாளி போட்ட சட்டம்தான்.

"இந்தத் தம்பி வேகம் பண்ணின முதல் ரெண்டு நாள் ஒன்பது ஒண்ணுக்கே சீட்டு வந்துடுச்சு. வந்து என்ன? நானும் சீட்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம்."

முதலாளி விளம்பரத் தாளை நான்காக மடித்தார். பிறகு எட்டாக. அதற்கு மேல் மடியவில்லை.

"தம்பி, கிட்டாரை எடுத்துடு. நாயை எடுத்துடு. எல்லாத்தையும் எடு. என் கம்ப்யூட்டர் வேகமா இருக்கணும்." அக்கா பக்கம் விரலை நீட்டினார். "ஆனா ஒன்பதேகாலுக்கு முன்னாடி அதை யாரும் போடக்கூடாது. மீறினா பாரு. இது சட்டம்."

அக்காவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் சட்டென்று போனை எடுத்தார். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"கேட்டீங்களா? என்னங்க?"

பதில் இல்லை. காதோடு அழுத்திக் கேட்டார். எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்கிட்டார்."

"எழுப்பும்மா, இன்னும் நேரம் இருக்கே," என்றார் முதலாளி.

அக்கா தலையசைத்து மறுத்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். போனை வைக்கவில்லை. ஸ்பீக்கரில் இல்லாததால் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் தோள் யாருடைய மூச்சுக்கோ ஏற்ப மெல்ல ஏறி இறங்கியது. லென்ஸ் அண்ணன் நுனிக்காலில் பின்னறைக்குப் போனார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தட்டினால் சத்தம் வரும்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதேகால் ஆனது. முதலாளி அதைப் பார்த்தார். போன் தட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"சுவர்ல இருக்கிறது வேகமா ஓடும். உன் வாட்ச்ல எத்தனை?"

"ஒன்பது பத்து சார்," என்றேன்.