சுற்றுப்பாதை

"மெல்லலே, அவ தலை இடிக்குது!" மூங்கிலில் தூளியாய்த் தொங்கிய கம்பளியை மிக்கேல்ராஜ் தாங்கிப் பிடித்தார். உள்ளே அவர் மனைவி புஷ்பமேரி நெஞ்சைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். முன்னால் தோள் கொடுத்தது மகன் ரிஜின். பின்னால் பக்கத்து லயத்து வீட்டுக் கோபிநாத்.

எஸ்டேட் ரோடு போன மாத மழையில் இடிந்துபோனது. ஜீப் மலையடியில் நிற்கிறது. ஓடையைத் தாண்டினால் முக்கால் மணி நேரம். ஆனால் ஓடையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். மேலே கிடந்த மரத்தடிப் பாலம் இல்லை. சுற்றிப் போனால் அரை நாள்.

"பாலம் இருந்தா இந்நேரம் ஜீப்புல ஏத்தியிருக்கலாம்" என்றான் கோபிநாத்.

ரிஜின் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அதுதான் அவரைச் சுட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் ரிசார்ட்காரன் வந்தான். டூரிஸ்ட்டுகள் பாலம் வழியே சட்டென்று இறங்கிவிடுகிறார்களாம். அரை நாள் நடந்து மலை பார்த்தால்தான் அவனுக்குப் பிழைப்பாம். கடப்பாரையால் தடிகளை நெம்பி ஓடையில் உருட்டியது மிக்கேல்ராஜ். பதிலுக்குப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஒருத்தனையும் நம்பாத மனுஷன், அவனை நம்பினார்.

"நாம நடக்குற வழிய நாமளே பிடுங்கி எறியலாமா?" என்று கேட்ட புஷ்பமேரி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இப்போது பாதை வேண்டுமென்றே வளைந்து வளைந்து போயிற்று. அருவி தெரிய ஒரு திருப்பம், தேயிலைச் சரிவு தெரிய ஒரு திருப்பம். எல்லாம் அவர் வெட்டியவை.

"ஏங்க... இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"இந்தா வந்துட்டோம் புள்ள."

பாதிகூட வரவில்லை.

மேட்டில் நாலு பேர் மழைக்கோட்டோடு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கிலைக் கண்டதும் செல்போனை இறக்கி ஒதுங்கினார்கள்.

"அப்பா, அம்மா முனகுறது நின்னுபோச்சு."

அங்கிருந்த பெஞ்சில் கிடத்தினார்கள். மிக்கேல்ராஜ் அவள் நெஞ்சில் காது வைத்தார். அருவிச் சத்தம்தான் கேட்டது. மறுபக்கமும் வைத்துப் பார்த்தார். கோபிநாத் தலைத்துண்டை அவிழ்த்தான்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் மஞ்சள் பலகை. மலையடியிலிருந்து சுமந்து வந்து நட்டதும் அவர்தான். படிக்கத் தெரியாது, யாரிடமும் கேட்டதுமில்லை.

"அதுல என்னலே எழுதியிருக்கு?"

"விடுங்கப்பா."

"சொல்லுலே!"

ரிஜின் தரையைப் பார்த்தபடி சொன்னான். "மெல்ல நடங்க, அவசரம் வேண்டாம்னு."

மிக்கேல்ராஜ் பலகையின் காலைக் கட்டிப்பிடித்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். கல் போட்டு, மண் இடித்து, அவரே இறுக்கி நட்டது. அசையவில்லை.