முத்திரை பொருந்தவில்லை

கிஷோர் கடைக்குள் வந்ததும் ஷட்டரை இழுத்து இறக்கினான். பென்னி நிமிர்வதற்குள் வீல் ஸ்பேனர் அவன் தாடையில் இறங்கியது. உடைந்த பல் ஒன்று நாக்கில் தட்டுப்பட்டது.

சித்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போன் பழுது பார்ப்பவன் பென்னி. கிஷோர் குடிபாலாக்காரன், லாரி டிரைவர். அவன் மனைவி ஹரிப்ரியா முன்பு அடி தாங்காமல் ஓடியபோதெல்லாம், அவள் போனில் அவன் ரகசியமாகப் போட்டிருந்த செயலி இடத்தைச் சொல்லிவிட்டது. கடைசியாகப் பிடித்து வந்தபோது விலா எலும்பை உடைத்தான். அதனால் இம்முறை ஓடுவதற்கு முன் அவள் பென்னியிடம் வந்தாள்.

பென்னி போனில் இருந்ததை முழுக்க அழித்து, பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய இயங்குதளம் ஒன்றை ஏற்றி, புது சிம்மும் போட்டுத் தந்தான். முகம் தெரியாதவர்கள் எழுதியதை எப்படி நம்புவது என்று அவள் கேட்டாள். அவன் ஆசையாக விளக்கினான். எழுதியது எல்லார் கண்முன்னும் கிடக்கிறது. யாரும் படித்துத் தப்பைக் காட்டலாம். வழியில் ஒருவன் கலப்படம் செய்தால்? அதற்குத்தான் முத்திரை. ஒவ்வொரு புதிய கோப்பின் மேலும் எழுதியவர்கள் தங்கள் ரகசியச் சாவியால் முத்திரை வைப்பார்கள். போனுக்கு அந்த முத்திரையை அடையாளம் தெரியும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஏற்காது. சாவி பென்னியிடமும் இல்லை.

"அப்ப உன்ன நம்ப வேணாமாண்ணா?"

"வேணாம்மா. அதான் இதுல விசேசமே."

போனை மாற்றித் தந்தது யாரென்று விசாரித்து வந்த கிஷோர், பெங்களூரில் யாரிடமோ செய்து வாங்கிய வேவுக் கோப்பு இருந்த பென் டிரைவை இப்போது மேசையில் வைத்தான். பென்னி அனுப்பினால் அவள் போட்டுக்கொள்வாள் என்றான். வாயில் ரத்தத்தோடு பென்னி முத்திரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

"ஏம்ரா, ஓனரே இல்லாத பொருளு எதுனா கீதா? ஓனரு நீதான்."

சுண்டுவிரல் நசுங்கியது. அடுத்த விரலும் நசுங்கியதும் பென்னி அனுப்பினான். போன் மறுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ஹரிப்ரியா கூப்பிட்டாள். அவள் திருப்பதியில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறாள். அது பென்னிக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது. கிஷோர் ஸ்பீக்கரைப் போட்டான்.

"அண்ணா, முத்திரை பொருந்தலன்னு வருது. இன்னா பண்றது?"

இயங்குதளத்தைக் காக்கும் உள்பூட்டைக் கையால் திறந்துவிட்டால், போன் முத்திரை பார்க்காமல் எதையும் ஏற்கும். அது கிஷோருக்கும் தெரிந்திருந்தது. சாலிடரிங் இரும்பு பிடிக்கும் கட்டைவிரலின் மேல் ஸ்பேனரை வைத்து, திறக்கச் சொல் என்று உதட்டை அசைத்தான். போனை ஏமாற்ற முடியாது. ஆனால் இப்போது கேட்பவள் ஹரிப்ரியா. அவன் சொன்னால் திறந்துவிடுவாள்.

"போன் சொல்றத நம்பும்மா," என்றான் பென்னி. "என்ன நம்பாத."

எலும்பு உடைந்த சத்தம் திருப்பதி வரை கேட்டது. அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

கிஷோர் அவன் முகத்தில் உதைத்தான். பிறகு மேசையிலிருந்த பென்னியின் போனை அடித்தான். கண்ணாடி சிதறி, பேட்டரி மடங்கிப் புகைந்து, உள்ளே நினைவகச் சிப் பிளக்கும் வரை அடித்தான்.

ஹரிப்ரியாவின் புது எண் அந்தச் சிப்பில் மட்டும்தான் இருந்தது. தரையில் கிடந்த பென்னி இதை அவனுக்கு விளக்கவில்லை.