பார்க்காத பாறைக்கு இரண்டு நிமிடம்

எங்கள் பயிற்சி மையத்தில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கான ஆறாவது பாடம் அயர்லாந்து. மூன்று வருடமாக நான்தான் அதை நடத்துகிறேன். அந்த நாட்டை நான் பார்த்ததில்லை. விமானத்தையே கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் மோஹர் பாறைகள் கடலிலிருந்து எழுநூறு அடி நிமிர்ந்து நிற்பதையும், அங்கே காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போவதையும் நான் சொல்லக் கேட்டால், நேற்றுத்தான் திரும்பி வந்தவள் என்று நினைப்பீர்கள்.

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில். மொத்தம் ஒன்பது பேர், அதில் எட்டுப் பேர் நர்ஸ்கள். தேர்வில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். 'நீங்கள் போய்வந்த ஓர் இடம்' என்று அதில் இருக்கும். இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். பொய்யா மெய்யா என்று யாரும் விசாரிப்பதில்லை. அதனால் எங்கள் வழக்கம் எளிது: இங்கே படிக்கும் எல்லோருமே அயர்லாந்து போய்வந்தவர்கள். எட்டு நர்ஸ்களும் வாரம் இருமுறை அந்தப் பாறைமேல் குடையைப் பறிகொடுத்தார்கள்.

ஒன்பதாவது ஆள்தான் எனக்குத் தலைவலி. வகுப்பே அவரை லாண்டரி அக்கா என்று கூப்பிடும். நிஜமாகவே அயர்லாந்தில் ஒரு ஹோட்டலில் ஏழு வருடம் துணி துவைத்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இங்கே வந்தார். அம்மா போய்ச் சேர்ந்தார், விசாவும் கூடவே போனது. கணவரும் பத்து வயது மகளும் அங்கேதான். அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தயாராக இருந்தது. பேச்சுத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழு வாங்கினால் போகலாம். இல்லாவிட்டால் மகளை ஃபோன் திரையிலேயே வளர்க்க வேண்டியதுதான்.

அவர் அட்டையை வாங்குவார். "அயர்லாந்தில் ஏழு வருடம் இருந்தேன். ஓர் இடமும் பார்க்கவில்லை" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொல்வார். ஒன்பது நொடி. அதோடு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"குடை பறந்துச்சுன்னு சொல்லுங்களேன், அக்கா."

"பறக்கலையே, டீச்சர்."

"இவங்க எட்டுப் பேருக்கும் பறந்துச்சே!"

"இவங்க அந்தப் பக்கமே போனதில்ல, கூச்சமில்லாம சொல்றாங்க. நான் அங்கயே இருந்தும் போகல. எனக்குக் கூச்சமா இருக்கு."

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது பிளார்னி கல்லை நடத்தினேன். ஒரு பழைய கோட்டையின் உச்சியில் மல்லாந்து படுத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, அந்தக் கல்லுக்கு முத்தம் கொடுத்தால் நாவன்மை வரும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை.

"அப்ப நாங்க எதுக்கு டீச்சர் ஆறு மாசமா உங்ககிட்ட வர்றோம்?" என்றாள் ஒரு நர்ஸ்.

அவளை முறைத்துவிட்டு, முத்தமிட்டு எழுந்தவர்களின் முகத்தில் தெரியும் பரவசத்தை விவரித்தேன்.

"முகமெல்லாம் எனக்குத் தெரியாது, டீச்சர்" என்றார் லாண்டரி அக்கா. "துவைக்க வர்ற கோட்டுதான் தெரியும். முதுகு மட்டும் அழுக்கா இருக்கும், முன்பக்கம் புதுசு மாதிரி இருக்கும். அப்படி ஒண்ணு வந்தா, யாரோ கல்லுக்குப் போயிட்டு வந்திருக்காங்கன்னு அர்த்தம்."

எட்டுத் தலைகளும் திரும்பின. என் பாடத்துக்கு ஒருநாளும் அப்படித் திரும்பியதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"பாறைக்குப் போனவங்க?" என்று கேட்டாள் அதே நர்ஸ்.

"பேன்ட்ல முழங்காலுக்குக் கீழ சேறு. பாக்கெட்ல ஊறிப்போன டிக்கெட். கடற்கரைக்குப் போன பிள்ளைங்க படுத்த பெட்ஷீட்ட உதறினா மணல் கொட்டும். ஆட்டு ரோமம் ஒட்டியிருந்தா மலைப்பக்கம்."

நான் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். "அக்கா, இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"இது பாடத்துல இல்லையே."

"பாடம் கிடக்குது. நானே அங்க போனதில்ல."

மூன்று வருடமாக விழுங்கி வைத்திருந்தது பொசுக்கென்று வெளியே வந்துவிட்டது. ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மானம் போனது போக, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

லாண்டரி அக்கா இரண்டு நிமிடம் பத்து நொடி பேசினார். நடுவில் இரண்டு பிழைகள். நான் திருத்தவில்லை. நான் நடத்திய அயர்லாந்தில் யாருக்கும் கால் நனைந்ததில்லை. இவருடையதைப் பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

தேர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து முடிவுத் தாளோடு வந்தார். ஏழு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நர்ஸ்கள் அவரைக் கட்டிக்கொண்டு கத்தியதில் கீழே டயர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பேட்ச்சுக்கு ஆகும் என்று நான் நோட்டைப் பிரித்து, கடைசியாக என்ன கேட்டார்கள் என்றேன்.

"திரும்பிப் போனா எந்த இடத்தைப் பார்க்க ஆசைன்னு தேர்வு எடுத்தவரு கேட்டாரு. என் பொண்ணோட ஸ்கூல்னேன். பெத்தவங்களை வரச்சொல்றது எப்பவும் நாலு மணிக்கு, என் ஷிப்ட் ஆறு வரைக்கும். அவ எந்த பெஞ்சுல உக்காருறான்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, நேரம் முடிஞ்சுதுன்னு பேப்பரை மூடி வச்சுட்டாரு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்துச்சு, டீச்சர்."