மான் போட்ட எட்டுக் கோப்பைகள்

ஓர் இனத்தின் நாகரிகத்தை அது தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தைக் கொண்டு அளந்துவிடலாம். மண்குவளையில் தொடங்கி, பித்தளைச் செம்பு, எவர்சில்வர் டம்ளர் என்று படிப்படியாக ஏறிவந்த தமிழர் நாகரிகம், 1998ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, நியூஜெர்சி ஐசலினில், சுந்தரராமன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் எட்டு கிரிஸ்டல் கோப்பைகளாகத் தன் சிகரத்தைத் தொட்டது. மறுநாள் அது ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அமெரிக்கா உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை எது என்று கேட்டால், பக்கத்து மென்லோ பார்க்கில் எரிந்த மின்விளக்கைச் சொல்பவர்கள் உண்டு. ஐசலின் தமிழர்களுக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது ரிட்டர்ன் பாலிசி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகராவுக்கு முந்தின நாள் கேம்கார்டர் வாங்குவார்கள். நயாகரா பார்த்த மறுநாள், 'எதிர்பார்த்த அளவு திருப்தி இல்லை' என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பாதி தின்ற தர்ப்பூசணியை 'இனிப்பு பத்தலை' என்று திருப்பிக் கொடுத்தவர் ஒருவர், சங்கத்தில் இன்னும் மரியாதையோடு நடமாடுகிறார்.

சுந்தரராமனும் ராஜலக்ஷ்மியும் சனிக்கிழமைதோறும் ரூட் ஒன் நெடுஞ்சாலையில், கிடங்கு மாதிரி இருந்த மெம்பர்ஷிப் கடைக்குப் போவார்கள். தயிருக்குக் கேலன் கேலனாகப் பால், ஒரு மூட்டை வெங்காயம், ஒரு குடும்பம் ஆயுசுக்கும் தும்மித் தீர்க்க முடியாத அளவு டிஷ்யூ பேப்பர். திரும்பும் வழியில் ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். அந்த நவம்பரில், டிஷ்யூ மூட்டைக்கும் பாதாம் டப்பாவுக்கும் நடுவே, ராஜலக்ஷ்மி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். 'ஹாலிடே கலெக்டர்ஸ் எடிஷன்'. நீண்ட காம்பு வைத்த எட்டுக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கலைமான், கழுத்தில் ரிப்பன், சுற்றிலும் முள் இலை, கீழே 1998.

விலையைப் பார்த்த சுந்தரராமன் வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் வாங்கச் சொன்னா?" என்றாள் ராஜலக்ஷ்மி. "கிறிஸ்துமஸ் வரைக்கும் வெச்சுப்போம். அப்புறம் ரிட்டர்ன் பண்ணிடுவோம்."

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு லட்சியம் இருந்தது. ஏப்ரலில் தமிழ்ச் சங்கம் சென்னையிலிருந்து ஒரு பெரிய சங்கீத வித்வானை வரவழைக்கிறது. கச்சேரிக்கு முந்தின நாள் அவருக்கு யார் வீட்டில் சாப்பாடு என்பதுதான் சங்கத்தின் ஒரே அரசியல் பிரச்சினை. இதுவரை வந்த அத்தனை வித்வான்களும் சங்கத் தலைவர் டாக்டர் கோபாலசாமி வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அவர் மனைவி நாகலக்ஷ்மி பரிமாற, அதை ஃபோட்டோ எடுத்து, சங்க மலரில் போட்டு, ஊருக்கும் அனுப்புவார்கள். ஒரே ஒரு தடவை அந்த ஃபோட்டோவில் தான் இருக்க வேண்டும் என்பதுதான் ராஜலக்ஷ்மிக்கு வேண்டியது. பசுபதிகோவில் கிராமத்தில் இருக்கும் அவள் நாத்தனார் அதைப் பார்க்க வேண்டும்.

சங்கச் செயலாளர் சேனாபதி கோயமுத்தூர்க்காரர், நியாயஸ்தர். "இந்த வாட்டி பொங்கலுக்கப்புறம் கமிட்டி கூடி முடிவு பண்ணட்டுமுங்க" என்று சொல்லியிருந்தார். யாரும் போட்டி என்று அறிவிக்கவில்லை. ஆனால் ராஜலக்ஷ்மி கிறிஸ்துமஸ் அன்று கமிட்டிக்கு விருந்து வைப்பதாகச் சொன்னாள். அதே வாரத்தில் நாகலக்ஷ்மி பொங்கலுக்கு விருந்து வைப்பதாகச் சொன்னாள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். சுந்தரராமனின் அப்பா பிச்சுமணி. திருச்சி மின்வாரியத்தில் ரிட்டையர் ஆகி, கோடைக்கு வந்து பனிக்காலத்தில் மாட்டிக்கொண்டவர். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் நவராத்திரி பாட்லக்குக்கு எடுத்துப்போன அவர்கள் வீட்டுச் சுண்டல் அடுக்கு, திரும்பி வரும்போது யாருடையதோ நசுங்கின தூக்காக வந்தது. அன்றைக்கே பையனோடு ஹார்டுவேர் கடைக்குப் போய், கண்ணாடி, இரும்பு எதிலும் எழுதும் ஒரு மின்சாரப் பேனாவை வாங்கிவந்தார். ஊரில் பாத்திரக்கடைக்காரன் வெட்டித் தருகிற பேரை இங்கே தானே வெட்டினார். குக்கர் மூடி, கரண்டி, இடியாப்ப அச்சு, பனி வாரும் மண்வெட்டி எல்லாவற்றிலும் 'பி. சு. ராஜலக்ஷ்மி'. மின்வாரியத்துக்கே உரிய உருண்டைக் கையெழுத்து. சங்கத்தில் யார் வீட்டுக்கு எந்தப் பாத்திரம் வழிதவறிப் போனாலும், கவிழ்த்துப் பார்த்து ராஜலக்ஷ்மிக்கு ஃபோன் செய்யும் பழக்கம் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் விருந்து நன்றாகவே நடந்தது. ரசம் சூப் ஆயிற்று, பூசணி அல்வா டெசர்ட் ஆயிற்று. கோப்பைகளில் நுரைக்கிற ஆப்பிள் ஜூஸ். வருஷா வருஷம் ஒரு எடிஷன் சேர்ப்பதாகவும், பழையதெல்லாம் பேஸ்மென்ட்டில் பத்திரமாக இருப்பதாகவும் ராஜலக்ஷ்மி சொன்னாள். பேஸ்மென்ட்டில் டிஷ்யூ பேப்பர் இருந்தது. பிச்சுமணி கலைமானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாரீசனுக்கு எதற்கு ரிப்பன் என்று கேட்டார். சேனாபதி, எந்தப் பாத்திரத்தையும் எச்சில் பண்ணாத வம்சத்தில் வந்தவர், வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். வாய் அகன்ற கோப்பை. ஆப்பிள் ஜூஸில் பாதி டைக்குப் போயிற்று.

நாகலக்ஷ்மி மட்டும் கோப்பையை நகத்தால் சுண்டி, அது ரீங்காரமிடுவதைக் கேட்டாள். மறுபடியும் சுண்டினாள். "வியன்னால இந்த மாதிரி பாத்திருக்கேன்" என்றாள். கையிலேயே ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

அது பிச்சுமணிக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் எல்லோரும் அசந்து தூங்கும்போது எழுந்து, எட்டுக் கோப்பைகளையும் கவிழ்த்து வைத்து, வட்ட அடியில் விளிம்பை ஒட்டி வேலையை முடித்துவிட்டார். காபி குடிக்க வந்த மருமகளிடம், "இனிமே எங்க போனாலும் திரும்பி வந்துடும்" என்றார்.

ராஜலக்ஷ்மி ஒரு கோப்பையின் அடியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். கடையில் திருப்பிக் கொடுக்கத்தான் வாங்கினோம் என்று மாமனாரிடம் சொல்லவும் முடியவில்லை. மனுஷர் வாழ்நாளில் இரவல் குடைகூட வாங்காதவர். "நன்னா இருக்குப்பா" என்று சொன்னாள். பேஸ்மென்ட்டில் எடுத்து வைக்கப்போவதாகச் சொல்லிப் பெட்டியில் அடுக்கினாள். பேஸ்மென்ட்டுக்குப் போன பெட்டி, கராஜ் வழியாகக் காருக்குப் போயிற்று.

சுந்தரராமன் வண்டி ஓட்டிக்கொண்டே புலம்பினார். பின்சீட்டிலிருந்து பையன் ஆர்யன், "டாட், ரிலாக்ஸ். நோபடி தேர் கேன் ரீட் இட்" என்றான். தமிழ் வகுப்புக்கு அனுப்பியும் அவனுக்கும் படிக்கத் தெரியாது என்பதை அன்றைக்கு யாரும் குறையாகச் சொல்லவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்மணி ஒவ்வொரு கோப்பையாக எடுத்துப் பார்த்தாள். அடியைத் தடவினாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். இது கலைஞரின் கையெழுத்தா என்று கேட்டாள்.

சுந்தரராமன் ஒரு கணம் யோசித்தார். "யெஸ்" என்றார்.

இப்படியாகப் பிச்சுமணி தன் அறுபத்தெட்டாவது வயதில், தனக்கே தெரியாமல், கலைஞரானார். பெட்டிமேல் அந்தப் பெண்மணி பேனாவால் 'சைன்டு' என்று எழுதி ஓரமாக வைத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வாசல்வரை நடந்தே வந்து, அதன் பிறகு ஓடினார்கள்.

பொங்கல் வந்தது. டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு அறை, சுந்தரராமன் வீட்டுக் கீழ்த்தளம் அளவுக்கு இருந்தது. கமிட்டி உட்கார்ந்தது. நாகலக்ஷ்மி ஒரு தட்டில் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். கலைமான், ரிப்பன், முள் இலை, 1998.

ராஜலக்ஷ்மிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. தன்னைப் பார்த்து அவள் வாங்குகிறாள் என்றால் அது தோல்வியா என்ன.

"வியன்னால எங்களுக்குத் தெரிஞ்ச கடை. சொல்லி வரவழைச்சோம்" என்றாள் நாகலக்ஷ்மி. "ராஜிகிட்ட இருக்கறது நார்மல் செட். இது சைன்டு. ஒவ்வொரு பீஸ்லயும் அடியில ஆர்ட்டிஸ்ட் கையெழுத்து இருக்கும், பாருங்கோ."

ரூட் ஒன் கடையை அவள் 'அந்த கோடவுன்' என்றுதான் சொல்வாள். அங்கே காலெடுத்து வைத்ததில்லை என்று சங்கக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறாள். தில்லியில் கான்வென்ட்டில் வளர்ந்தவள். தமிழ் எழுத்தும் கோலமும் அவளுக்கு ஒன்றுதான். தமிழ்ச் சங்கத் தலைவரின் மனைவிக்கு அது ஒரு தடையாக இதுவரை இருந்ததில்லை.

ராஜலக்ஷ்மி தன் கோப்பையைத் தொடவேயில்லை. சுந்தரராமன் தன் கோப்பையைத் தூக்காமல், குனிந்து மேஜையோடு வைத்து உறிஞ்சினார். ஆனால் சேனாபதி கிறிஸ்துமஸில் பாடம் கற்றவர். இந்தத் தடவை காம்பை நன்றாகப் பிடித்து, தலையை முழுசாகச் சாய்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்தார். கோப்பையின் அடி, எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பிச்சுமணிக்கு நேராக நின்றது. மேலே பெரிய சரவிளக்கு. படிப்பதற்கு மூக்குக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

"அடடே" என்றார் பிச்சுமணி. "நம்மாத்து டம்ளர்."

அவர் தன் கோப்பையில் இருந்ததைக் குடித்துவிட்டுக் கவிழ்த்தார். பக்கத்திலிருந்தவருடையதையும் வாங்கிக் கவிழ்த்தார். "இதுவும் நம்மளுதுதான். ராஜி, நீ பேஸ்மென்ட்ல வெச்சேன்னியே? எல்லாம் எப்படியோ மாறி இங்க வந்திருக்கு பாரு."

சேனாபதி கோப்பையைத் தலைகீழாகப் பிடித்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "பி. சு. ராஜலக்ஷ்மி." பிறகு நாகலக்ஷ்மியைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, ஆர்ட்டிஸ்ட் வியன்னாங்களா?"

மேஜையின் இரண்டு முனைகளில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன நடந்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. நாகலக்ஷ்மி வாயைத் திறந்தால், 'அந்த கோடவுனில்' கிறிஸ்துமஸ் முடிந்து கழிவு விலைக்குப் போட்ட குவியலில், இன்னொருத்தி திருப்பிக் கொடுத்ததைப் பொறுக்கி எடுத்தாள் என்று ஆகும். ராஜலக்ஷ்மி வாயைத் திறந்தால், வருஷா வருஷம் சேர்க்கிற எடிஷன் விருந்துக்குப் பிறகு ஒரு நாள்கூட வீட்டில் தங்கவில்லை என்று ஆகும். டாக்டர் கோபாலசாமி எத்தனையோ இதயங்களைத் திறந்து பார்த்தவர். அவர் தன் பொங்கலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

பிச்சுமணிக்கு மனசு தாங்கவில்லை. இதிலெல்லாம் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை, பாட்லக்கில் தங்கள் அடுக்கே போனதுதான், பாத்திரம் மாறுவது எல்லார் வீட்டிலும் நடக்கும் என்று நாகலக்ஷ்மியைச் சமாதானப்படுத்தினார்.

நாகலக்ஷ்மி அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம் மாமா" என்றாள் மெதுவாக. "அன்னிக்குப் பார்ட்டியிலேருந்து எப்படியோ எங்காத்துக்கு வந்துடுத்து போலிருக்கு."

எட்டுக் கோப்பைகள், பெட்டியோடு, எப்படியோ. கிளியரன்ஸில் வாங்கினவள் என்பதைவிட, விருந்துக்குப் போன வீட்டில் பண்டம் தூக்கினவள் என்ற பெயர் அவளுக்குக் கௌரவமாகப் பட்டது. அவளே கோப்பைகளைக் கழுவித் துடைத்து, அரிசிப் பையில் துணி சுற்றி அடுக்கி, ராஜலக்ஷ்மி கையில் கொடுத்தாள். ராஜலக்ஷ்மி தாங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொண்டாள். பிச்சுமணி வாசலில் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தார்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. யாரும் எதையும் குறிப்பிட்டுப் பேசவில்லை. வித்வான் தன் வெள்ளிப் பஞ்சபாத்திரத்தோடு வரும் பெரிய மனுஷர், சாப்பாடு சுந்தரராமன் வீட்டிலேயே இருப்பது எல்லா விதத்திலும் பாதுகாப்பு என்று மட்டும் சேனாபதி சொன்னார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். டாக்டரும் தூக்கினார்.

ராஜலக்ஷ்மி ஜெயித்துவிட்டாள். காசும் திரும்ப வந்துவிட்டது, கோப்பையும் திரும்ப வந்துவிட்டது. ரிட்டர்ன் பாலிசியின் சரித்திரத்தில் இப்படி ஒரு ரிட்டர்ன் நடந்ததில்லை என்று சுந்தரராமன் ராத்திரியெல்லாம் சிரித்தார். நாத்தனாருக்கு முன்கூட்டியே ஃபோன் போயிற்று. மூன்று மாதம் கோப்பைகள் ஹாலில் விளக்கு வைத்த அலமாரியில் நின்றன. ஆர்யன் பந்தை வீட்டுக்குள் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது.

ஏப்ரலில் வித்வான் வந்தார். வாழை இலை, வெள்ளிக் கும்பா, எதிரில் கேமராவோடு சேனாபதி. ராஜலக்ஷ்மி பட்டுப்புடவை சரசரக்க, கலைமான் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, இலைக்கு வலப்பக்கம் வைத்தாள். வித்வான் அதைச் சுற்றிப் பார்த்தார்.

கண்ணாடிப் பாத்திரத்தில் தான் குடிப்பதில்லை என்றார். பஞ்சபாத்திரம் ஏர்போர்ட்டில் வராத பெட்டியில் இருக்கிறதாம். பேப்பர் கப் இருந்தால் போதும் என்றார்.

சங்க மலரில் வந்த ஃபோட்டோவில் ராஜலக்ஷ்மி பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.